எல்லோரும் வேலையில்தான் இருக்கிறார்கள், சரக்கு ஏன் வெளியே வரவில்லை?

தொழில் நடத்துவோர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கான கேள்விகள் பனியன் கம்பெனி, லேத் பட்டறை, கணக்குப் பிரிவு என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கின்றன. கேட்கும் விதம் வேறு வேறு என்றாலும் அடியில் கிடக்கும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். வேலை எங்கே தேங்கி நிற்கிறது என்று அளந்து பார்க்காமல் ஆளையும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போகிறோம். அதனால் பதில்களில் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ரவுண்ட் நெக் டி-ஷர்ட் தைக்கிறோம். ஒன்பது டெய்லர்கள். யாரும் சும்மா உட்காருவதில்லை. இருந்தும் எட்டு மணி நேர ஷிப்டில் 400 பீஸைத் தாண்டினால் பெரிது. பையருக்கு (சரக்கு வாங்கும் கம்பெனிக்கு) ஒரு நாளைக்கு 550 வேண்டும். இன்னும் நாலு டெய்லர் போடலாமா, ஒன்றரை ஷிப்ட் ஓட்டலாமா? (வாசகர், 15 வேலம்பாளையம், திருப்பூர்)

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஸ்டாப்வாட்ச்சை எடுங்கள். மொபைலில் இருப்பதே போதும். ஒவ்வொரு டெய்லரிடமும் அடுத்தடுத்துப் பத்து பீஸுக்கு நேரம் பாருங்கள். வெட்டிய துண்டைக் கையில் எடுப்பதிலிருந்து, தைத்துக் கீழே வைப்பது வரை ஒரு பீஸ். நூல் அறுந்த பீஸைச் சராசரியில் சேர்க்காதீர்கள். ஆனால் எத்தனை முறை அறுந்தது என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள், அது மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய கணக்கு. காலையில் முதல் அரைமணியும் சாயங்காலம் கடைசி அரைமணியும் அளப்பதற்கு உதவாது.

உங்கள் ஸ்டைலுக்கு இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம். ஓவர்லாக் மெஷினில் தோள் இணைக்க 24 விநாடி, கழுத்து ரிப் வைக்க 34, கை ஏற்ற 50, சைடு அடிக்க 56. பிளாட்லாக் மெஷினில் கை மடிக்க 32, பாட்டம் மடிக்க 30. சிங்கர் மெஷினில் பின்கழுத்து டேப் வைக்க 30, அதை மடித்து முடிக்க 40, லேபிளுக்கு 18. ஆக மொத்தம் 314 விநாடி. ஒரு பீஸில் ஐந்தேகால் நிமிடத் தையல் இருக்கிறது.

ஆளுக்கு ஒரு வேலை என்று ஒன்பது பேரும் உட்கார்ந்தால் மணிக்கு எத்தனை பீஸ் வரும்? 3,600 விநாடியை 314-ஆல் வகுத்து ஒன்பதால் பெருக்கினால் 103 என்று காட்டும். அது காகிதக் கணக்கு. எந்த பீஸும் சைடு அடிக்காமல் வெளியே போக முடியாது. சைடுக்கு 56 விநாடி. ஆகவே மணிக்கு 64-தான். எட்டு மணி நேரத்துக்கு 514. யாரும் நாள் முழுக்க ஒரே வேகத்தில் தைக்க முடியாது என்பதால் 80 சதவீதம் எடுத்தால் 411. உங்கள் 400 எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

தோள் இணைக்கும் டெய்லரால் மணிக்கு 150 பீஸ் அடிக்க முடியும். அவர் சும்மா இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் அடிப்பதெல்லாம் கை ஏற்றுபவர் முன்னாலும் சைடு மெஷின் முன்னாலும் மலையாகக் குவிகிறது. பதினொரு மணிவாக்கில் லைனில் ஒரு நடை நடந்து பாருங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் குவியல் பெரிதாகவும், அதற்கு அடுத்த மெஷின் பண்டிலுக்காக (துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுக்காக) காத்தும் இருக்கிறதோ, லைன் அங்கேதான் இறுகுகிறது.

இப்போது ஒரே ஒரு ஓவர்லாக் டெய்லரைச் சேருங்கள். அவருக்கு நிரந்தர வேலை கிடையாது; கை ஏற்றுவதற்கும் சைடுக்கும் நடுவே, எங்கே குவிகிறதோ அங்கே அடிப்பார். 50-ம் 56-ம் சேர்ந்து 106 விநாடியை மூவர் பகிர்ந்தால் 35 விநாடி சொச்சம். இறுகும் இடம் அங்கிருந்து நகர்ந்து, டேப் மடித்து முடிக்கும் சிங்கருக்கு, அதாவது 40 விநாடிக்குப் போய்விடும். மணிக்கு 90, அதே 80 சதவீதத்தில் ஒரு நாளைக்கு 576. பையர் கேட்ட 550 வந்துவிட்டது. அந்த நாலு பேரையும் தோளுக்கும் மடிப்புக்கும் பிரித்துப் போட்டிருந்தால் ஒரு பீஸ்கூடக் கூடியிருக்காது, குவியல்தான் உயர்ந்திருக்கும்.

இறுகும் மெஷினைக் காப்பதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். அங்கே உட்காருபவர் பண்டில் எடுக்கவோ நூல்கண்டு கேட்கவோ எழக் கூடாது. அது ஹெல்பர் வேலை. அவர் லீவு என்றால் முதலில் அந்த இடத்தை நிரப்புங்கள், மற்றதைப் பிறகு பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் மாற்று ஆள் உட்கார்ந்து அதை ஓட்டட்டும். 56 விநாடி வேலை அரைமணி நின்றால் 32 பீஸ் போய்விட்டது. மற்ற எட்டுப் பேர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது திரும்பாது.

பண்டில் அளவையும் பாருங்கள். 30 பீஸ் கட்டுகிறீர்கள், ஒவ்வொருவரிடமும் கையில் ஒன்று, காத்திருப்பில் ஒன்று என்றால் ஒன்பது இடத்தில் 540 பீஸ் லைனில் நிற்கிறது. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது: உள்ளே நிற்கும் எண்ணிக்கையை ஒரு நாளைக்கு வெளிவரும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே கிடக்கும் நாள் வரும். 540-ஐ 411-ஆல் வகுத்தால் ஒன்றே கால் நாளுக்கு மேல். காலையில் கழுத்து ரிப் சுருக்கம் விழத் தொடங்கினால் செக்கிங் மேசைக்கு அது தெரிவது மறுநாள். அதற்குள் ஐந்நூறு பீஸ் கெட்டிருக்கும். பத்துப் பத்தாகக் கட்டினால் லைனில் 180-தான் நிற்கும், அரை நாளுக்குள் தெரிந்துவிடும். சிறிய பண்டிலில் சைஸும் ஷேடும் கலந்துவிடும் ஆபத்து உண்டு. கட்டிங்கிலேயே துண்டுக்குத் துண்டு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

ஒன்றரை ஷிப்ட் பற்றி: ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. அதே இறுக்கத்தை இரட்டைக் கூலி கொடுத்து நாலு மணி நேரம் நீட்டுவதுதான் அது. ஒரு ஷிப்மெண்ட்டைக் காப்பாற்ற எப்போதாவது செய்யலாம், வழக்கமாக்கக் கூடாது.

கேள்வி: இரண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்) வைத்திருக்கிறேன். ஆர்டர் எல்லாம் 50, 100 பீஸ். ஒரு ஜாப்பிலிருந்து அடுத்த ஜாப்புக்கு மாற்ற இரண்டரை மணி நேரம் போகிறது. பெரிய லாட்டாக ஓட்டி ஸ்டாக் வைத்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறார் செட்டர். சரிதானா? (வாசகர், கணபதி, கோயம்புத்தூர்)

பதில்: செட்டிங் நேரம் குறையவே குறையாது என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் அது குறையும். 1969-ல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸில் டை (அச்சு) மாற்ற நாலு மணி நேரம் ஆனது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ அங்குள்ளவர்களுடன் சேர்ந்து முதலில் அதைத் தொண்ணூறு நிமிடமாக்கினார், பிறகு மூன்றே நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு அடிப்படை ஒரே கேள்விதான்: மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்ற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது?

அடுத்த செட்டிங்கை முழுசாக மொபைலில் வீடியோ எடுங்கள். கடைசி நல்ல பீஸ் கழன்றதிலிருந்து அடுத்த ஜாப்பின் முதல் நல்ல பீஸ் வரை. எடுப்பதற்கு முன் செட்டரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். வேவு பார்ப்பதாக நினைத்தால் உண்மையான செட்டிங் படத்தில் வராது. பார்த்து எழுதும்போது 150 நிமிடம் ஏறக்குறைய இப்படிப் பிரியும்: டிராயிங்கும் புரோகிராமும் தேட 20, டூல், இன்சர்ட் (வெட்டும் முனை), ஜா (சக்கில் பீஸைப் பிடிக்கும் தாடை) தேட 35, ஜா மாற்றி சாஃப்ட் ஜா போர் செய்ய 30, டூல் கட்டி ஆஃப்செட் (டூலுக்கான அளவுத் திருத்தம்) எடுக்க 30, முதல் பீஸ் ஓட்டி அளந்து ஓகே வாங்க 35.

முதல் இரண்டும், ஆக 55 நிமிடம், மெஷின் நின்று செய்யவேண்டிய வேலையே இல்லை. ஒரு தள்ளுவண்டி வைத்து, அடுத்த ஜாப்புக்கான டிராயிங், செட்டிங் ஷீட், இன்சர்ட், ஜா, போர் கேஜ், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் இப்போதைய ஜாப் ஓடும்போதே அடுக்கி மெஷின் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள்.

சாஃப்ட் ஜாவை ஒவ்வொரு ஜாப்புக்கும் தனி செட்டாக வைத்து, ஜாப் நம்பரும் 1, 2, 3 என்ற வரிசையும் பஞ்ச் அடியுங்கள். எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது என்பதையும் ஷீட்டில் எழுதுங்கள். அதே பல்லில், அதே வரிசையில் ஏற்றினால் முழுசாக போர் செய்ய வேண்டாம். ரிங் ஒன்றைப் பிடித்து 0.2 மி.மீ. சீவிவிட்டால் போதும். பற்களுக்கிடையில் சிப்ஸ் ஒன்று மாட்டியிருந்தாலும் ரன்-அவுட் (சுற்றும்போது ஆட்டம்) வரும், ஆகவே ஏர் அடித்தால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் துடையுங்கள். சக் பிரஷரையும் ஷீட்டில் குறியுங்கள். மெல்லிய சுவருள்ள பீஸை முந்தின ஜாப்பின் பிரஷரிலேயே பிடித்தால் கழற்றியதும் வட்டம் போய்விடும்.

ரஃபிங், ஃபினிஷிங், டிரில் போன்ற பொது டூல்களை டரெட்டில் (டூல்கள் மாட்டும் சுழல் தலையில்) நிரந்தர இடத்தில் விட்டுவிடுங்கள். எல்லா புரோகிராமும் அந்த ஸ்டேஷன் நம்பரையே கூப்பிடட்டும். க்ரூவிங், த்ரெடிங் போன்ற சிறப்பு டூல் மட்டும் மாறும். முதல் பீஸை வீணாக்காமல் இருக்க, வேர் ஆஃப்செட்டில் வெளிவிட்டத்துக்கு எக்ஸில் +0.5, போருக்கு −0.5 கொடுத்து ஓட்டி, அளந்து, பிறகு இறக்குங்கள். ஓகே கொடுக்கும் ஆளுக்கு, பீஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் செய்தால் ஜாவுக்கு 12, டூலுக்கு 12, முதல் பீஸுக்கு 20 என்று முக்கால் மணிக்குள் அடங்கும். 100 பீஸ் லாட்டில் பீஸ் ஒன்றின் தலையில் ஒன்றரை நிமிடம் செட்டிங் விழுந்தது அரை நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். மிச்சமாகும் நேரத்தில் கூடுதலாக ஓட்டி ஸ்டாக் சேர்க்காதீர்கள். அந்த நேரத்தில் இன்னொரு முறை செட்டிங் மாற்றி, பார்ட்டி கேட்ட சின்ன லாட்டை அன்றே அனுப்புங்கள். அலமாரியில் நிற்கும் ஸ்டாக் உங்கள் பணம். டிராயிங் ரிவிஷன் மாறினால் அது ஸ்கிராப்.

கேள்வி: எங்கள் லைனில் ஓஇஇ (மெஷினின் ஒட்டுமொத்தச் செயல்திறன்) 64 சதவீதம் என்று போர்டில் எழுதுகிறார்கள். ‘நாங்கள் 64 சதவீதம்தான் உழைக்கிறோமா’ என்று ஆபரேட்டர்கள் மனம் நோகிறார்கள். (வாசகர், ஓசூர்)

பதில்: அவர்கள் வருத்தம் நியாயமானது, விளக்காமல் எழுதியது தவறு. ஓஇஇ அளப்பது மெஷினை, ஆளை அல்ல. 480 நிமிட ஷிப்டில் 30 நிமிடம் இடைவேளை போக 450. அதில் பிரேக்டவுன், டூல் மாற்றம், மெட்டீரியல் வராமை என்று 90 நிமிடம் நின்றது. ஓடியது 360, அதாவது 80 சதவீதம். சைக்கிள் டைம் 2 நிமிடம் என்றால் 180 பீஸ் வந்திருக்க வேண்டும். வந்தது 150, 83.3 சதவீதம். அதில் நல்லது 144, 96 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 64.

போர்டில் 64-ஐ மட்டும் எழுதுவதில் பயன் இல்லை. நின்ற 90 நிமிடத்தைக் காரணம் வாரியாக எழுதுங்கள்: கன்வேயர் ஜாம் 35, மெட்டீரியல் 25, டூல் 20, மற்றவை 10 என்பது போல. அப்போது இதில் எத்தனை ஆபரேட்டர் கையில் இருக்கிறது, எத்தனை மெயின்டனன்ஸ் கையிலும் ஸ்டோர்ஸ் கையிலும் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை: எல்லா மெஷினுக்கும் ஓஇஇ உயர்த்தச் சொல்லாதீர்கள். லைனில் இறுகும் மெஷின் ஒன்றுக்கு உயர்த்தினால் சரக்கு கூடும். மற்ற மெஷின்களுக்கு உயர்த்தினால் நடுவில் குவியல்தான் கூடும்.

கேள்வி: அதே டெய்லர்கள், அதே மில் துணி. இரண்டு ஷிப்மெண்ட் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ், மூன்றாவது ஃபெயில். இன்ஸ்பெக்டர் கெடுபிடி என்கிறார் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்). 2,500 பீஸ் லாட், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5. (வாசகி, பெருமாநல்லூர்)

பதில்: இன்ஸ்பெக்டரைக் குறை சொல்லும் முன் அட்டவணையைப் பாருங்கள். 2,500 பீஸ் லாட்டுக்கு, வழக்கமான இரண்டாம் நிலை ஆய்வில் 125 பீஸ் எடுப்பார்கள். ஏக்யூஎல் 2.5 என்றால் பெரிய குறை 7 வரை பாஸ், 8 என்றால் ஃபெயில். சிறிய குறைக்கு 4.0 வைத்திருந்தால் 10 வரை பாஸ், 11 ஃபெயில்.

உங்கள் லாட்டில் உண்மையில் 5 சதவீதம் பீஸ் குறையுள்ளது என்று வைப்போம். 125-ல் சராசரியாக 6 சொச்சம் கிடைக்கும். கையில் வருவது சில நாள் 4, சில நாள் 9. நிகழ்தகவுக் கணக்குப்படி அப்படிப்பட்ட லாட் பத்துக்கு ஏழு தடவை பாஸாகும், மூன்று தடவை விழும். இரண்டு பாஸ், ஒரு ஃபெயில் என்பது சரியாக இந்தக் கணக்கில் உட்காருகிறது. முதல் இரண்டு ஷிப்மெண்டும் நன்றாக இருந்தன என்று நம்ப வேண்டாம். மூன்றும் ஏறக்குறைய ஒரே தரமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். குறையை 2.5 சதவீதத்துக்கு இறக்கினால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை பாஸாகும்.

இறக்குவது ஃபைனல் மேசையில் நடக்காது, தைக்கும் மெஷினில் நடக்கும். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு கார்டு தொங்கவிட்டு, செக்கர் சுற்றி வரும்போது முடிந்த பண்டிலில் கண்ணை மூடி ஏழு பீஸ் எடுக்கட்டும். குறை இல்லை என்றால் பச்சை. ஒரு சிறிய குறை என்றால் மஞ்சள். பெரிய குறை ஒன்று கிடைத்தாலும் சிவப்பு: மெஷினை நிறுத்தி, காரணம் கண்டு, அந்தப் பண்டில் முழுவதையும் பிரித்துப் பார்த்த பிறகே மீண்டும் ஓட வேண்டும். பீஸ் ரேட் டெய்லருக்கு அந்த நிறுத்தத்தில் கூலி குறைந்தால் அவர் குறையை மறைப்பார். அந்த நேரத்துக்கு என்ன கூலி என்று முன்பே பேசி வையுங்கள்.

காரணங்களில் வழக்கமானவை சொல்கிறோம். பிளாட்லாக்கில் தையல் தாவினால் ஊசி வளைந்திருக்கிறதா, லூப்பர் டைமிங் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். சிங்கிள் ஜெர்சியில் தையல் ஓரம் ஓட்டை விழுந்தால் கூர்முனை ஊசி போட்டிருப்பார்கள். பால் பாயிண்ட் ஊசி, 65 அல்லது 70 நம்பர் போடுங்கள், மழுங்கினதும் மாற்றுங்கள். எண்ணெய்க் கறை காலை முதல் பண்டிலில்தான் அதிகம். கழிவுத் துணியில் சிறிது ஓட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். துவைத்த பிறகு சைடு தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தால் டெய்லரைத் திட்டாதீர்கள், அது நிட்டிங்கிலும் காம்பாக்டிங்கிலும் வந்த வினை. ரோல் வந்ததுமே வட்டக் கட்டரில் 100 சதுர செ.மீ. வெட்டி எடை போடுங்கள், 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்). 1.65 காட்டினால் கட்டிங்குக்கு அனுப்பும் முன்பே பேச வேண்டிய பேச்சு அது.

கேள்வி: சென்னையில் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சப்ளையர் பில் பாஸாகிப் பணம் போக ஐம்பது நாள் ஆகிறது. எல்லோரும் எங்கள் பிரிவைத்தான் குறை சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, அம்பத்தூர்)

பதில்: கடந்த மாதம் பணம் போன இருபது பில்லை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு தேதி எழுதுங்கள்: சரக்கு கேட்டுக்கு வந்த நாள், ஸ்டோர்ஸ் வரவு போட்ட நாள், குவாலிட்டி ஓகே, துறைத் தலைவர் கையெழுத்து, கணக்கில் ஏற்றியது, பணம் போனது. ஒரு பில்லைக் கையில் வைத்து வேலை பார்க்கும் நேரம் எல்லோருக்கும் சேர்த்து அரைமணி வந்தால் அதிகம். மற்றதெல்லாம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகக் காத்திருந்த நாட்கள். எந்த இரண்டு தேதிக்கு நடுவில் இடைவெளி பெரிது என்பது அந்தத் தாளிலேயே தெரியும். குறை எந்தப் பிரிவில் என்ற வாக்குவாதமும் அத்தோடு நிற்கும்.

பில் நிற்பதற்கு நாலு காரணம் திரும்பத் திரும்ப வரும். பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் இல்லாதது. சரக்கு இறங்கியும் ஸ்டோர்ஸ் வரவு போடாதது. ஆர்டர் விலைக்கும் பில் விலைக்கும் சில்லறை வித்தியாசம். கையெழுத்துப் போடுபவர் டூரில் இருப்பது. ஆர்டர் நம்பர் இல்லாத பில்லை கேட்டிலேயே திருப்பலாம், ஆனால் சப்ளையர்களுக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதிவிடுங்கள். வரவு அன்றே போட வேண்டும், வெள்ளிக்கிழமை மொத்தமாக அல்ல. பில் தொகையில் ஒரு சதவீதம் அல்லது ₹500, எது குறைவோ அதுவரை வித்தியாசம் இருந்தால் மேலே அனுப்பாமல் பாஸ் செய்ய எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கையெழுத்து இரண்டு வேலைநாளில் வராவிட்டால் மாற்று அதிகாரிக்குத் தானாகப் போகட்டும்.

ஐம்பது நாள் என்பது சப்ளையரின் மனக்குறையோடு முடியும் விஷயம் இல்லை. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளில், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் போக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். 2024 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, அந்தக் கெடுவைத் தாண்டிய தொகையை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். உங்கள் மேலாளரிடம் பேச இது நல்ல பிடி. இன்னொன்றும் கவனியுங்கள்: சரக்கில் குறை என்றால் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கு வந்த நாளிலிருந்தே கெடு ஓடும். குவாலிட்டி ஆட்கள் போனில் சொன்னது கணக்கில் வராது.

கேள்வி: மோட்டார் பம்ப் அசெம்பிளி யூனிட். ஒரு பக்கம் ஸ்டோர் நிரம்பி வழிகிறது, மறுபக்கம் 6203 பேரிங் இல்லாமல் லைன் நிற்கிறது. எவ்வளவு ஸ்டாக் வைப்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ‘எவ்வளவு வைப்பது’ என்பதைவிட ‘எவ்வளவு மிச்சம் இருக்கும்போது ஆர்டர் போடுவது’ என்று கேளுங்கள். சராசரி நாளில் 40 பேரிங், அதிகபட்ச நாளில் 55. சப்ளையரிடமிருந்து வர வழக்கமாக 6 நாள், மோசமான மாதத்தில் 10 நாள். மோசமானதையே எடுத்துப் பெருக்குங்கள்: 550. அதைத் தனிப் பெட்டியில் எண்ணிப் போட்டு, டேப் ஒட்டி, மேலே ஆர்டர் கார்டை வையுங்கள். அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டி வந்த நிமிடமே கார்டு பர்ச்சேஸுக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கு தவறினாலும் பெட்டி தவறாது.

அந்தப் பத்து நாளில், உங்கள் அலுவலகத்தில் ஆர்டருக்குக் கையெழுத்து வாங்க ஆகும் நாளும் சேர்த்தி. அது மூன்று நாள் என்றால், அதை ஒரு நாளாக்கினாலே 110 பேரிங் குறைவாக வைத்துக்கொள்ளலாம். நட்டு, போல்ட்டுக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம், இரண்டு மாதத்துக்கு வாங்கிப் போடுங்கள். காப்பர் வயரையும் ஸ்டாம்பிங்கையும் மட்டும் வாரந்தோறும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பணம் முடங்குவது அங்கேதான்.

கேள்வி: புதிதாக லைன் லீடர் ஆகியிருக்கிறேன். ஷிப்ட் மாறும்போதெல்லாம் முதல் ஒரு மணி நேரம் குழப்பம். (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: பத்து நிமிடம் இரண்டு ஷிப்ட் லீடர்களும் ஒன்றாக இருக்கும்படி நேரத்தை அமையுங்கள். அறையில் உட்கார்ந்து பேசாமல் லைனில் நடந்துகொண்டே ஒப்படைக்க வேண்டும். ஓடும் மாடல் எது, இன்னும் எத்தனை பாக்கி. எந்த மெஷினில் எந்த அளவை மாற்றினார்கள், பழைய எண் என்ன, புதிய எண் என்ன. சந்தேகத்தில் நிறுத்திவைத்த பீஸ் எத்தனை, எங்கே. சிவப்பு டேக் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தீரப்போகும் மெட்டீரியல் எது. யார் வரவில்லை, யார் புதுசு. இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது: மெஷினின் எந்தப் பாதுகாப்பு மூடியாவது கழற்றி வைக்கப்பட்டிருக்கிறதா, எந்த சென்சாராவது பைபாஸில் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால், அது சரியாகும்வரை அந்த மெஷினை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலைமுறைத் தாளை நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். அந்த வேலையை நன்றாகச் செய்யும் ஆபரேட்டரைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். ஒரு பக்கத்துக்குள், படத்தோடு. ‘நன்றாக முடுக்கவும்’ என்று எழுதினால் ஆளுக்கு ஆள் மாறும். ‘12 நியூட்டன் மீட்டர், க்ளிக் சத்தம் வரும்வரை, பிறகு மஞ்சள் மார்க்கர் கோடு’ என்று எழுதினால் புதிதாக வந்தவரும் அதே மாதிரி முடுக்குவார். ஒவ்வொரு படிக்கும் எதிரே, அதை விட்டால் என்ன கெடும் என்று ஒரு வரி சேருங்கள். காரணம் தெரியாத படியைத்தான் அவசரத்தில் முதலில் விட்டுவிடுவார்கள்.